சினை பிடித்த சின்ன மீன்

பிட்மன் துறை, நியூஃபவுண்ட்லாந்து
1991 ஜூன் 9

அன்பு மகள் லோர்னாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், எனக்குக் கோபம்தான் கொஞ்சம் கூடியிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் கால்கரியில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கூட்டத்தில் நான் பேசியதைச் சித்தி உனக்குச் சொல்லிவிட்டாளாம், இந்த வயதில் ஏன் வம்பு என்று கேட்டு எழுதியிருக்கிறாய். நடந்ததைச் சொல்கிறேன், பிறகு திட்டு.

முப்பத்தொரு வருடமாக மீன் ஆலையில் காட் மீன் அறுக்கிற கை இது. நான் சேர்ந்த புதிதில் நன்றாக வளர்ந்த மீனில்தான் சினை இருக்கும். இப்போது முழங்கை நீளம்கூட இல்லாததில் சினை கிடக்கிறது. போன மாதம் தேவாலயக் கூடத்தில் நடந்த கூட்டத்துக்கு வந்த மீன்வளத்துறை அதிகாரி, தண்ணீர் குளிர்ந்ததால்தான் மீன் சிறுத்துவிட்டது, வலைக்கண்ணைப் பெரிதாக்கினால் குஞ்சுகள் தப்பும், எல்லாம் சரியாகிவிடும் என்றார். நான் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோயிருந்த சின்ன மீனை அவருடைய மேசையில் வைத்துக் கீறினேன், சினை பிதுங்கி வந்தது. ஆலை மேலாளர் கிளாரன்ஸ் எழுந்து, இது சமையலறை இல்லை, எடுத்துப் போ என்றார். நான் அதிகாரியைத்தான் பார்த்தேன். "ஐயா, பெருசா வளர்ற ஆட்டையெல்லாம் வருஷா வருஷம் வெட்டிட்டு, குள்ள ஆட்டையே குட்டி போட விட்டா, கடைசியில பட்டியில என்ன நிக்கும்?" பின்வரிசையிலிருந்து அப்பாவின் பக்கத்துப் படகுக்காரன் செல்பி, "பூனை நிக்கும்" என்றான். கூடமே சிரித்தது, அதிகாரி சிரிக்கவில்லை.

அவ்வளவுதான் விஷயம், லோர்னா. நிதானமாக வளர்ந்து பிறகு முட்டையிடலாம் என்றிருக்கிற மீனை, அது ஒரு தடவைகூட முட்டையிடுவதற்குள் வலை வாரிக்கொள்கிறது. சின்னதிலேயே அவசரப்பட்டு முட்டையிடுகிற மீன் மட்டும் பிள்ளைகளை விட்டுப்போகிறது, அந்தப் பிள்ளைகளும் அதே அவசரம். பெரிய தாய் இடுகிற முட்டையில் பத்தில் ஒரு பங்குகூட இது இடாது. இப்படியே போனால் கடலில் என்ன மிஞ்சும்? இதைக் குளிர் செய்யவில்லை, நாமும் ஆழ்கடலில் வலை இழுக்கிற பெரிய கப்பல்களும் செய்தோம்.

மறுநாளே கிளாரன்ஸ் என்னை அறுக்கிற இடத்திலிருந்து குளிர் அறைக்கு மாற்றிவிட்டார். மன்னிப்புக் கேட்டால் பழைய இடம் கிடைக்கும் என்று சொல்லியனுப்பினார். இரண்டு ஜோடிக் காலுறை மாட்டிக்கொண்டு குளிர் அறைக்கே போனேன். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவருடைய கூண்டு வலையில் இடுப்புயரத் தாய்மீன் ஒன்று உயிரோடு கிடந்ததாம், தூக்கித் திரும்பக் கடலில் விட்டிருக்கிறார். பக்கத்துப் படகிலிருந்து செல்பி, "ஏன்டா லியாண்டர், பொண்டாட்டிக்குப் பயந்து மீனை விடுறியா?" என்று கேட்க, இவர், "ஆமா. நீ என் வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் இருந்து பாரு" என்றாராம். அந்த மீனை நாளைக்கே ஒரு கப்பல் அள்ளிவிடலாம், தெரியும். எங்கள் கையால் அது சாகவில்லை.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு வரச்சொல்லி இனி எங்களைக் கால்கரிக்குக் கூப்பிடாதே. காட்டுப்பழ ஜாம் இரண்டு புட்டி அனுப்பியிருக்கிறேன், மாப்பிள்ளை ஒரே நாளில் காலி செய்யாமல் பார்த்துக்கொள். இருவரும் நிறைந்த ஆயுளோடு நன்றாக இருங்கள். இங்கிருந்து யார் அழைத்துக் கேட்டாலும், அம்மா மன்னிப்புக் கேட்கவில்லை என்று நீயே முந்திச் சொல், மறக்காதே.

உன் அம்மா,
ஹெட்டி