புள்ளி எட்டு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். வாரம் தவறாமல் போனில் பேசிவிட்டு இப்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையோ பேசிவிடுகிறேன். எழுதினால் நிதானமாகச் சொல்லலாம்.

இந்த வருஷம் குடைமிளகாய் நன்றாக வந்திருக்கிறது. அப்பா தெற்கு வயலில் சிவப்பு மட்டும் போட்டார். வழக்கம்போல ஒரே அளவாக, கோணல் இல்லாமல் இருப்பதை மட்டும் மண்டிக்காரர்கள் பொறுக்கி எடுத்துப் போனார்கள். மிச்சம் பாட்டிலில் போட நம் சங்கத்துக் கூடத்துக்குத்தான் வர வேண்டும். ஆனால் கூடத்தைச் சில நாட்களாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஏதோ பரிசோதனையாம். கூடத்தை அமைத்துத் தந்த உங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து கண்ணாடி மேடம்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார். எப்போதும் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு கூடம் முழுக்கத் தேடுவாரே, அன்றைக்குத் தேடவே இல்லை. வந்ததிலிருந்து போகும்வரை கண்ணில்தான் இருந்தது.

ரொட்டிக்கடை அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். முதலில் கண் இமை தானாக மூடிக்கொண்டதாம். எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றாராம். டாக்டரிடம், "ஒரு பொண்டாட்டியையே சமாளிக்க முடியல, இப்ப ரெண்டு பேர் நிக்கிறாங்க" என்று சொல்லிச் சிரித்தாராம். அது காலையில். மதியத்துக்குள் நாக்கு குழறி, விழுங்க முடியாமல் போய்விட்டது. இப்போது மூச்சுக்கு மெஷின் வைத்திருக்கிறார்கள். நினைவு இருக்கிறது, காது கேட்கிறது, விரல்தான் அசையவில்லை என்று அண்ணி சொன்னார். என்ன சாப்பிட்டார் என்று டாக்டர்கள் துருவித் துருவிக் கேட்டார்களாம். அவர் கடையில் இருந்த நம் பாட்டில்களையும் எடுத்துப் போயிருக்கிறார்கள். எல்லாக் கடைகளிலிருந்தும்தான் எடுக்கிறார்கள்.

கூடத்துச் சுவரில் உன் கையெழுத்தில் செய்முறை ஒட்டியிருக்கிறதே, அதை எழுதியது யார் என்று ஒரு அதிகாரி கேட்டார். யாராவது உன்னைக் கூப்பிட்டுக் கேட்டால், என்னிடம் பேசாமல் எதுவும் சொல்லாதே.

இன்னொன்று. சும்மாதான் கேட்கிறேன். குடைமிளகாயை எண்ணெயில் போடுவதற்கு முன்னால் வினிகரில் ஊற வைக்கிறோமே, அந்தப் புளிப்பு கொஞ்சம் குறைந்தால் என்ன ஆகும்?

குளிர் அதிகம் என்றாய். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அம்மா

*

என் கண்ணு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ மன்னித்துக்கொள்.

காகிதம் கிடைத்த அன்றே கூப்பிட்டாய். வேறு எதுவும் கேட்காமல், "அது எந்தத் தேதியில போட்டதும்மா?" என்று மட்டும் கேட்டாய். நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. உனக்கும் தெரிந்திருக்கும்.

நடந்ததைச் சொல்கிறேன். அறுவடை தொடங்கிய வாரம். நாற்பது பாட்டிலுக்கான காய் சுட்டு, தோல் உரித்து வைத்திருந்தேன். நீ எழுதிக்கொடுத்த அளவில் பாதி வினிகர்தான் ஊற்றினேன். புளிப்பு அளக்கும் மீட்டரை வைத்தேன். நான்கு புள்ளி இரண்டுக்கு மேல் போகக் கூடாது என்று நீ சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தாய். ஐந்து காட்டியது. எண் ஏறினால் புளிப்பு குறைவு என்று எனக்குத் தெரியும். இன்னொரு தடவை வைத்தேன். ஐந்துதான். புள்ளி எட்டுதானே, சமையலில் ஒரு சிட்டிகை உப்பு கூடவோ குறையவோ இருப்பதில்லையா என்று நினைத்தேன். பதிவேட்டில் நான்கு புள்ளி இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். அத்தனை ருசியாக இருந்தது. உண்மையைச் சொல்வதென்றால், நீ சொன்ன அளவில் போட்டதைவிட ருசியாக இருந்தது.

ஏன் குறைத்தாய் என்று கேட்பாய். ரொட்டிக்கடை அண்ணன்தான் சொன்னார். "தங்கச்சி, புளிப்பைக் கொஞ்சம் கொறச்சா இது எங்கேயோ போயிரும். வாங்குறவங்க மொகம் சுளிக்கிறாங்க, எனக்கே பல்லு கூசுது" என்றார். நம் மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார். ஆரம்பத்தில் நம் பாட்டிலை யாரும் சீண்டாதபோது தன் கடைக் கண்ணாடி அலமாரியில் முன்வரிசையில் வைத்தவர் அவர். அவருக்காக ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். அதிகாரியிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். படுத்துக் கிடக்கிறவர் மேல் பழியைத் தூக்கி வைக்க எனக்கு மனசில்லை.

போன வாரம் சங்கத்துக் கூட்டம் நடந்தது. கூடத்துக்குச் சீல் வைத்ததில் சங்கத்தில் இருக்கும் ஐந்து குடும்பத்துக்கும் வேலை போய்விட்டது. தேன்காரர், ஜாம் போடும் அக்கா தங்கை, பாலாடைக்கட்டிக்காரர் எல்லோரும் வந்திருந்தார்கள். அவர்கள் என்ன தப்பு செய்தார்கள், சொல். ஆனாலும் ஊரில் ஒருவரும் அவர்கள் பொருளையும் தொடுவதில்லை. தேன்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "காகிதத்துல இருந்தபடி போட்டோம்னு சொல்லிருவோம். காகிதம் பல்கலைக்கழகம் குடுத்தது. அது பெரிய இடம், தாங்கிக்கும். நாம தாங்க மாட்டோம்" என்றார். சுவரில் ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டு, வினிகர் அளவை மாற்றி வேறொன்று எழுதி வைத்தால் போதும் என்று யாரோ சொன்னார்கள். சீல் வைத்த கதவுக்குள் எப்படிப் போவது என்று அதற்கும் யோசனை நடந்தது.

அந்தக் காகிதத்தை எழுதியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் உன் பெயரை எடுக்கவில்லை. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "பாப்பா தூரத்துல இருக்கா. அவளுக்கு அங்கே ஒண்ணும் ஆகாது" என்றார்.

இதை எழுதியிருக்க வேண்டாம்தான். ஆனால் நாளைக்கு வேறு யார் வாயிலிருந்தாவது கேட்பதைவிட என்னிடம் கேட்பது மேல். அப்பாவை வெறுத்துவிடாதே. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். ஒரு பக்கம் பெண்டாட்டி, ஒரு பக்கம் பெண். பக்கத்தில் இருப்பவளின் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் அந்த நேரத்தில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நெஞ்சில் ஒரு ஆறுதல் வந்தது. நானும் பேசாமல்தான் எழுந்து வந்தேன்.

அடுத்த நாள் கண்ணாடி மேடம் பல்கலைக்கழகத்துக்கு வரச் சொன்னார். உன் பழைய ஆய்வகத்தை ஒட்டிய சின்ன அறை. மேஜை மேல் நம் பாட்டில்கள் வரிசையாக, ஒவ்வொன்றின் கழுத்திலும் நம்பர் கட்டி இருந்தன. புளிப்பு போதாததால் எண்ணெய்க்கடியில் கிருமி வளர்ந்து, வாசனைகூட மாறாமல் விஷம் சேர்ந்திருக்கிறது என்று மேடம் சொன்னார். நீ அவருக்கு அனுப்பிய கடிதத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினார். செய்முறையில் அளவைத் தவறாக எழுதியது நான்தான், என் அம்மா நான் எழுதியபடியே செய்தார், பொறுப்பு முழுக்க என்னுடையது என்று எழுதியிருந்தாய்.

அதை மூன்று தடவை படித்தேன். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். "எனக்கு உங்க பொண்ண எட்டு வருஷமாத் தெரியும். அவ தசமப் புள்ளிய மாத்தி வைக்கிறவ இல்ல. ஆனா அவளே எழுதிக் குடுத்துட்டா நான் என்ன பண்றது? விசாரணைக் குழு இதைத்தான் எடுத்துக்கும். அவ படிப்பு, வேலை எல்லாம் இதோட போச்சு" என்றார்.

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். எனக்காக ஒன்று சொன்னாய். அதுவும் எவ்வளவு பெரிது.

அங்கேயே உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாள் வாங்கி எல்லாவற்றையும் எழுதினேன். ஐந்து காட்டியதை, நான்கு புள்ளி இரண்டு என்று எழுதியதை, தேதியை, நாற்பது பாட்டிலை. ருசிக்காகக் குறைத்தேன் என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மேடம் வாங்கிக்கொண்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அப்பாவிடம் வீட்டுக்கு வந்துதான் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். நான்கு நாளாகப் பேச்சில்லை.

நீ எழுதிய அந்தக் கடிதத்தை வாபஸ் வாங்கிவிடு. இன்றைக்கே. நான் உன்னைப் பெற்ற தாய் என்று நினைத்தால் இதைச் செய்.

அம்மா

*

மகளே,

நீ வாபஸ் வாங்கிவிட்டாய் என்று மேடம் சொன்னார். நல்லது.

ரொட்டிக்கடை அண்ணன் போய்விட்டார். நாற்பத்தோரு நாள் மெஷினில் இருந்தார். ஒரு விரல் அசைந்தது, தேறிவிடுவார் என்று டாக்டர்கள் சொன்ன வாரத்தில் நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. செவ்வாய்க்கிழமை மதியம் முடிந்தது. அன்று கடைத்தெருவில் ஒரு கடையும் திறக்கவில்லை. நான் போகலாமா கூடாதா என்று வாசலில் செருப்பைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "வா, ரெண்டு பேரும் போவோம்" என்றார். நான் எழுதிக் கொடுத்ததைச் சொன்ன நாளுக்கு அப்புறம் அவர் என்னிடம் முழுசாகப் பேசிய முதல் வார்த்தை அது. போனோம். கடைசி வரிசையில் நின்றோம். எங்களுக்கு இடமும் வலமும் இருந்தவர்கள் மெல்ல நகர்ந்துகொண்டார்கள். யாரும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பத்து நாள் கழித்து அண்ணியைப் பார்க்கத் தனியாகப் போனேன். அண்ணி கடைக்குள் இருந்தார். அடுப்பு அணைந்து கிடந்தது, மாவு பிசையும் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். முன்வரிசையில் நம் பாட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது. என்னை உட்காரவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

"எதுக்குக் கொறச்சே?" என்று கேட்டார்.

"ருசிக்காக, அண்ணி" என்றேன்.

துணியை உதறி மடித்து மேஜை ஓரத்தில் வைத்தார். "அவருக்குப் புளிப்பே ஆகாது. நானும் யோசிச்சேன், இந்தத் தடவை மட்டும் எப்படி இத்தனை ஆசையாத் தின்னாருன்னு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்ததா, புரியவில்லையா, எனக்குத் தெரியாது. "போயிட்டு வா" என்றார். வராதே என்று சொல்லவில்லை. அதையே நினைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

இங்கே மற்றதெல்லாம் நீ நினைப்பது போலத்தான். சங்கத்தைக் கலைத்துவிட்டார்கள். கூடத்தைப் பல்கலைக்கழகம் திரும்ப எடுத்துக்கொண்டது. கொதிகலனையும் பாட்டில் மூடும் மெஷினையும் லாரியில் ஏற்றினபோது ஜாம் போடும் தங்கச்சி தெருவில் நின்று அழுதாள். தேன்காரர் என்னைப் பார்த்தால் சைக்கிளைத் திருப்பிக்கொள்கிறார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அப்பா தெற்கு வயலில் மிளகாயைப் பறிக்கவே இல்லை. வாங்க ஆளில்லாமல் பறித்து என்ன செய்வது? செடியிலேயே அழுகி, வரப்பு முழுக்க வாடை அடித்தது. போன வாரம் டிராக்டரை விட்டு எல்லாவற்றையும் மண்ணோடு மடக்கி உழுதுவிட்டார். திரும்பி வந்தபோது சக்கரமெல்லாம் சிவப்பாக இருந்தது. குழாயடியில் அதைக் கழுவிக்கொண்டே, "பாப்பா சாப்பிடுறாளாமா?" என்று கேட்டார். உன்னிடம் நேரில் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. நீயாக ஒரு நாள் அவருக்குப் போன் போடு.

கண்ணாடி மேடம் வேறொரு ஊரில் புதிதாகப் பயிற்சி தொடங்குகிறார். மேலிடத்தில் வேண்டாம் என்றார்களாம், சண்டை போட்டு வாங்கியிருக்கிறார். என் கதையைப் பெயர் சொல்லாமல் பாடத்தில் வைக்கட்டுமா என்று கேட்டார். நானே வந்து சொல்கிறேன் என்றேன். போனேன். இருபது பெண்கள் இருந்தார்கள், எல்லோரும் நோட்டும் பேனாவுமாக. முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, "அக்கா, நீங்க ருசி பார்த்தீங்களா, கெட்டுப்போன வாசனை ஒண்ணும் வரலியா?" என்று கேட்டாள். பார்த்தேன், நன்றாக இருந்தது என்றேன். ஒருத்தியும் எழுதவில்லை. எல்லோரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் பதினான்காம் தேதி கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வக்கீல் அதிகம் பேசாதவர். என்ன ஆகும் என்று கேட்டால் கைப்பையை மூடித் திறக்கிறார். நீ வர வேண்டாம். டிக்கெட் போட்டிருந்தால் ரத்து செய். உன்னைப் பார்த்தால் நான் அங்கே நிமிர்ந்து நிற்க முடியாது. கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்று சொல்லிவிட்டு வர எனக்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும். அது தனியாக இருந்தால்தான் வரும். சில காலம் என்னிடமிருந்து காகிதம் வராவிட்டால் பயப்படாதே. அப்பாவுக்குச் சோறு வடிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். குழைத்துவிடுகிறார், ஆனாலும் சமாளித்துவிடுவார்.

உன் தோழி கூப்பிட்டிருந்தாள். நீ இப்போது கடையில் வாங்கிய எதையும் திறப்பதில்லை, விருந்துக்குக் கூப்பிட்டாலும் போவதில்லை, ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுவிட்டு வேலைக்குப் போகிறாய் என்றாள். அதைக் கேட்டதிலிருந்து நானும் தட்டைப் பாதியிலேயே தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறேன். கண்ணு, அம்மா ஒருத்தி தப்பு செய்தாள். உலகத்தில் சமைக்கிற கையெல்லாம் அப்படி இல்லை. யாராவது ஆசையாக ஒரு தட்டை உன் முன்னால் வைத்தால் வேண்டாம் என்று சொல்லாதே. உட்கார்ந்து, அவர்கள் முகத்தைப் பார்த்து, நம்பிச் சாப்பிடு. வயிறு நிறையச் சாப்பிடு.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா