சாம்பாருக்கு ஊதிய சைரன்

ஐப்பசி, ஞாயிறு இரவு.

திண்டிவனம் பக்கத்து ஏரிக்கரையில் நான் மாட்டிய வெள்ள எச்சரிக்கை சைரன் இன்று காலை தானாக ஊதியது. விழுப்புரத்திலிருந்து ரேடியோவில் உத்தரவு வந்தால்தான் அது ஊத வேண்டும். அங்கே யாரும் பட்டனைத் தொடவில்லை. எதிர்க் கல்யாண மண்டபத்தில் புதிதாக வாங்கிய வாக்கி டாக்கிக்கும் அதே அலைவரிசை. சமையல் மாஸ்டர் பேசும்போதெல்லாம் சைரன் அலறியிருக்கிறது.

ஒரு ரகசியக் குறியீடு வைத்தேன். அது இல்லாமல் இனி யார் பேசினாலும் ஊதாது. மாஸ்டரைப் பேசிக் காட்டச் சொன்னேன்.

"சாம்பார் வாளி எடுத்துக்கினு ஜல்தி வாப்பா!"

சைரன் வாயே திறக்கவில்லை. என் வேலை அப்படி.

பெருமையாகத் திரும்பினால் கரை முழுக்கச் சனம். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் சொன்னாள்: "ஏரி ஒடைஞ்சிடுச்சான்னு பாக்கலாம்னு புள்ளையத் தூக்கிக்கினு ஓடியாந்தேங்க."

நிஜமாகவே உடைந்திருந்தால்? அதை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை.

இதையும் சரிசெய்துவிடுவேன். சத்தம் வருகிற பக்கம்தானே ஓடுகிறார்கள்? நாளைக்கே சைரனைக் கழற்றி, மேட்டுத்தெருப் பள்ளிக்கூட மாடியில் மாட்டிவிடுகிறேன்.