பீச் பழத்துத் தோல்

ஜூன் 4

என் அன்புக்குரியவளுக்கு,

நலம். "பத்து நாள் அக்கா வீட்ல இருந்துட்டு வரேன்" என்று நீ போய் நாலு மாதம் ஆகிறது. குறை சொல்லவில்லை, ஞாபகப்படுத்துகிறேன்.

பின்வாசல் பீச் மரம் இந்த வருஷம் கொட்டித் தீர்க்கிறது. ஞாயிற்றுக்கிழமை நம் மகள் விடுதியிலிருந்து வருகிறாள். "அம்மா ஓவன்ல வைப்பாங்களே, அதே மாதிரி வேணும்ப்பா" என்று உத்தரவு. ஒத்திகை பார்த்தேன். கத்தியால் உரித்ததில் தோலோடு பாதிப் பழம் போயிற்று. மிச்சம் ஓவனில் சாறு விட்டு அதிலேயே மிதந்தது. துணி வெட்டுகிற கைக்கு இது வரவில்லை. எப்படிச் செய்வாய்? எப்போது வருவாய்?

உன்,
தையல்காரன்

ஜூன் 7

நம் மகளின் அப்பாவுக்கு,

பழுத்ததா என்று அமுக்கிப் பார்க்காதீர்கள், அமுக்கிய இடம் கறுத்துவிடும். காம்படியில் முகர்ந்தால் போதும். அடியில் கூட்டல் குறி மாதிரி கீறி, கொதிக்கும் தண்ணீரில் அரை நிமிஷம், உடனே குளிர்ந்த தண்ணீரில். தோல் தானாகக் கழன்று வரும். நறுக்கிச் சர்க்கரை தூவிக் கால்மணி நேரம் வைத்து, விட்ட சாற்றை வடித்துவிடுங்கள். மேலே மாவு, வெண்ணெய், சர்க்கரை பிசிறித் தூவி, சிவக்கும்வரை ஓவனில்.

இங்கே பள்ளிச் சமையலறையில் வேலை. நாலு மணிக்கு முடிந்துவிடும். அதற்குமேல் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை.

உங்கள்,
அவள் அம்மா

ஜூன் 16

என் அன்புக்குரியவளுக்கு,

முப்பது பழம். பதினைந்து உரிப்பதற்குள் விரல் வெந்து, இடுப்பு விட்டுப்போய்விட்டது. மீதியைத் தோலோடு போட்டேன். மகள் இரண்டையும் தின்றுவிட்டு, "தோலோடதான் நல்லா இருக்கு. அப்ப அம்மா எதுக்குப்பா உரிச்சாங்க?" என்று கேட்டாள்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. கல்யாணமான முதல் வருஷம், "தோல் தொண்டையில ஒட்டுது" என்று ஒரு தடவை சொன்னேன். ஒரே ஒரு தடவை. அதற்காகவா பத்தொன்பது வருஷம் வெந்நீரில் கைவிட்டாய்? சொல்லியிருக்கலாமே. நானாவது கேட்டிருக்கலாம். இப்போது தின்று பார்த்தேன், ஒட்டவில்லை. வெட்கமாக இருக்கிறது.

வந்துவிடு. அடுப்படியை நான் பார்த்துக்கொள்கிறேன். மரத்தில் இன்னும் ஒரு கூடை இருக்கிறது.

உன்,
தையல்காரன்

ஜூன் 22

நம் மகளின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். அக்கா பயந்துவிட்டாள்.

தோலோடு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். உரித்த தோலையெல்லாம் நான்தான் தின்றேன், பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றுகொண்டே. தட்டில் வைப்பது உங்கள் இருவருக்கும் சரியாக இருக்கும். அது யார் தப்பும் இல்லை, அப்படியே பழகிவிட்டது.

கோபம் போய்விட்டது. களைப்புதான் போகவில்லை. நாலு மாதம் தூங்கியும் விழிக்கும்போதே அலுப்பாக இருக்கிறது. அடுப்படியை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். ஆனாலும் அந்த வீட்டில் என்னால் சும்மா உட்கார முடியாது, கை தானாக எழுந்துவிடும். அதனால் நான் வரவில்லை. இந்த வருஷம் மட்டும் என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம்.

போன சனிக்கிழமை இரண்டு பழம் வாங்கி, தோலோடு ஓவனில் வைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார்ந்து, முழுவதையும் நானே சாப்பிட்டேன்.

மிச்சப் பழத்தைப் பறவைகள் கொத்துவதற்குள் பறித்துவிடுங்கள். உரிக்க வேண்டாம்.

அவள் அம்மா