நல்லதண்ணிக் கிணறும் வேலிப் பொட்டும்

ஆகஸ்ட் 3

வெயில். காற்றே இல்லை. நூலகப் புத்தகம் இன்றும் திருப்பிக் கொடுக்கவில்லை.

கிணறு இன்னும் இறங்கிவிட்டது. இறைக்கும் மிசின் வெறும் காற்றை இழுக்கிறது. போன மாரி மழை இரண்டே நாளில் கொட்டிவிட்டுக் கடலுக்கு ஓடியது. அது தங்கும் குளத்தை மண் போட்டு நிரப்பிக் கடை கட்டியாயிற்று. அப்பா கிணற்றின் அடியில் துளை போட ஆள் பிடித்துவிட்டார். புவியியல் புத்தகத்தைக் காட்டினேன்: இங்கே நன்னீர், கடல்நீரின் மேல் மிதக்கிறது, ஆழம் போனால் உப்பு ஏறும்.

"பிள்ளை, புத்தகம் வாழைக்குத் தண்ணி இறைக்குமே?"

அப்பாவுக்குக் கோபம் இல்லை. களைத்த முகம்.

இ.மா. (பக்கத்து வீட்டு இராசமலர் மாமி) வழமைபோல் வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் குனிந்து, குடத்தோடு. அவர்கள் கிணறு நான் பிறக்க முன்பே உப்பேறிச் சவர். "உங்கடை தண்ணியிலை தேத்தண்ணி போட்டாச் சீனி தேவையில்லை." தினமும் இதே பேச்சு. இதைக் கேட்கவென்றே அப்பா கிணற்றடியில் நிற்பார்.

ஆகஸ்ட் 6

துளை போட்டாயிற்று. தண்ணீர் பொங்கியது! அப்பா சிரித்தார். "என்ன ரீச்சர், இப்ப என்ன சொல்லுறியள்?"

சந்தோஷமாகத் தோற்றேன்.

ஆகஸ்ட் 15

தேநீர் ஒரு மாதிரி. அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அப்பா: "பால்மாவிலை ஏதோ பிழை."

செய்ய: கணக்குப் பயிற்சி. சப்பாத்துக் கழுவ. சவர்க்காரம் ஏன் நுரைக்கவில்லை? (தெரியும்.)

ஆகஸ்ட் 19

வாழையிலை ஓரமெல்லாம் கருகல்.

இ.மா. வந்தார், குடம் நிறைத்தார்.

"தண்ணி எப்பிடி, அக்கா?" அப்பாதான்.

"அதுக்கென்ன தம்பி, தேன் மாதிரிக் கிடக்கு."

பிறகு பொட்டால் பார்த்தேன். குடத்தை அப்படியே கோழிக்கூட்டடியில் கவிழ்த்தார். அவர் வாசலில், பவுசர் வண்டி கொண்டுவரும் தண்ணீர் நிறைந்த வாளிகள். பவுசர் எப்போது வரத் தொடங்கியதோ.

எனக்குப் பின்னால் அப்பாவும் நின்றார். நான் திரும்பவில்லை.

ஆகஸ்ட் 20

அப்பா சாப்பிடவில்லை. தென்னோலைக் கிடுகு வைத்துப் பொட்டை அடைத்தார். "உப்புத் தண்ணிக்கு ஏன் ஒரு மனுசியை வரப்பண்ணவேணும்?"

அம்மா சோற்றை மூடி வைத்தார்.

ஆகஸ்ட் 21

காலை. மப்பு, மழையில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மாமியின் குரல்: "பிள்ளை, பொட்டு எங்கை?"

அப்பா கிணற்றுக்கட்டில் கேளாதவர்போல் இருந்தார்.

மாமி ஒழுங்கையால் சுற்றிப் படலையைத் திறந்து வந்தார். இடுப்பில் குடம். தண்ணீர் அலம்பிச் சேலை நனைந்திருந்தது. எங்கள் வீட்டுக்குள் அவர் நிறைகுடத்தோடு வருவது இதுதான் முதல்.

"பவுசர் தண்ணி. தம்பிக்கு ஒரு தேத்தண்ணி போடு, பிள்ளை."

போட்டுக் கொடுத்தேன். அப்பா ஒரு மிடறு குடித்தார். கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு, மாமியிடமே சொன்னார்:

"எங்கடை தண்ணியும் இப்பிடித்தான் அக்கா இருந்தது."