வியாழனுக்குப் போகும் பெயர்கள்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உனக்குச் சளி விட்டதா, அறை ஹீட்டரைச் சரிசெய்து கொடுத்தார்களா என்று முதலில் எழுது. இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் ஒரு குறையும் இல்லை, என் தலைக்குள்தான் பத்து நாளாக இடி. காரணம் உனக்குத் தெரிந்ததுதான், உன் அப்பாவும் அவருடைய ஆகாயமும்.

வியாழன் கிரகத்தைச் சுற்றும் நிலா ஒன்றுக்கு ஒரு விண்கலம் போகிறதாம். இணையத்தில் பெயர் கொடுத்தால் நகத்தளவு தகட்டில் பொறித்து அதோடு அனுப்புகிறார்களாம். லிஃப்ட் பழுதுபார்க்கப் போக வேண்டிய மனுஷர் போன வருடமே அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தன் பெயர், என் பெயர், உன் பெயர், நீ வளர்த்த பூனையின் பெயர் வரைக்கும் கொடுத்துவிட்டார். பூனை செத்து ஆறு வருடம் ஆகிறது. கீழ் வீட்டில் உயிரோடு இருக்கும் தம்பியை மட்டும் விட்டுவிட்டார். அதோடு விட்டாரா, அதற்கு அத்தாட்சியாக வந்த நாலு சீட்டையும் இப்போது லேமினேட் செய்து, படியேறுகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி வாசல் கதவில் ஒட்டினார்.

அப்பாவுடைய அந்தத் தொலைநோக்கி விவகாரம் உனக்கு நினைவிருக்கும். உன் சித்தப்பா அதன் கண்ணாடியைப் பழைய பனியன் துணியால் துடைத்துக் கீறல் போட்டதிலிருந்து நாலு வருடமாகப் பேச்சு இல்லை. படியில் எதிரே வந்தால் ஒருவர் சுவரைப் பார்ப்பார், மற்றவர் மீட்டர் பெட்டியைப் பார்ப்பார். ஆனால் செவ்வாயில் ஒரு வண்டி இறங்கினால் போதும், மேல் வீட்டிலும் கீழ் வீட்டிலும் ஒரே நேரத்தில் கைதட்டல் கேட்கும். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

போன வாரம் தையல் கடையிலிருந்து வருகிறேன், உன் சித்தி படியில் மறித்துக்கொண்டு, பூனைக்குக்கூட இடம் இருக்கு, எங்க வீட்டுக்காரருக்கு இல்லையாக்கா என்று கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வீட்டுக்குள் வந்து அப்பாவைப் பிடி பிடியென்று பிடித்தேன். அவன் பேரை எழுதக் கை வரலடி என்றார். மறுநாள் நான் கேட்காமலே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பெயர் கொடுக்கும் கெடு எத்தனையோ மாதம் முன்பே முடிந்திருந்தது. அதன் பிறகு மனுஷருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போய்ச் சேரவே ஆறு வருஷம், அடுத்தது எப்பப் போகுமோ, அப்ப நாங்க ரெண்டு பேரும் இருப்போமோ என்னமோ, எனக்கு முதமுதல்ல வியாழனைக் காட்டினதே அவன்தான் என்று புலம்பல். இதெல்லாம் முன்னாடியே தோன்றக் கூடாதா?

எனக்குப் பொறுமை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, வாங்க, நீங்களே வந்து சொல்லுங்க என்று கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போனேன். சித்தப்பா தரையில் உட்கார்ந்து மின்விசிறி ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். அப்பா வாசலிலேயே நின்று, உன் பேரைக் கொடுக்கல, இப்பக் கொடுக்கவும் முடியல என்று ஒப்பிப்பதுபோலச் சொன்னார். சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அலமாரியிலிருந்து மின்சார ரசீதுகள் வைக்கும் ஃபைலை எடுத்து இரண்டு சீட்டுகளை உருவி நீட்டினார். ஒன்று அவர் பெயரில். மற்றது உன் அப்பா பெயரில். தேதி, இவர் பெயர் கொடுத்ததற்கு இரண்டு மாதம் முந்தியது. அப்பா அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார், எட்ட வைத்துப் பார்த்தார். பிறகு, இனிஷியலைத் தப்பாப் போட்டிருக்கான் மடையன் என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தாயா? சித்தி இரண்டு சீட்டையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என் பேரு எங்கே என்று கேட்டாள். சித்தப்பா முழித்த முழி இருக்கிறதே! இப்போது அவள் அவரோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டோடு மேலே வந்துவிடுகிறாள். அண்ணனும் தம்பியும் என் கூடத்தில் உட்கார்ந்து நாலு வருடத்துப் பேச்சையும் சேர்த்துப் பேசுகிறார்கள். எரிபொருள் குழாயில் கசிவு என்று ராக்கெட் இரண்டு தடவை தள்ளிப்போயிற்று, இவர்கள் போடும் சண்டையைப் பார்த்தால் அந்தக் குழாயை இவர்கள்தான் மாட்டினார்கள் என்று நினைப்பாய். காது வலிக்கிறது. வியாழனுக்குப் போவது இந்த வியாழக்கிழமையே கிளம்புகிறதாம், அதில் வேறு பெருமை, ஏதோ இவர்கள் நாள் குறித்துக் கொடுத்ததுபோல.

நீ சித்தியைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை ஆறுதலாகப் பேசு. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எங்களுக்கு வேண்டியது. மறந்துவிடாதே, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ராக்கெட் கிளம்புகிறது. அந்த நேரத்தில் மட்டும் போன் செய்யாதே, நாங்கள் நாலு பேரும் எடுக்க மாட்டோம்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா