கொழுத்த கெளுத்தி

மே 4, ஞாயிறு

சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் கையில் நாற்றம் போகவில்லை. தூ!

ஞாயிறுதோறும் தூண்டில் போடும் நாங்கள் நாலு பேரும் இன்று தடுப்பணைக் கரையைச் சுத்தம் செய்யப் போனோம். தண்ணீரில் கிடந்த சாக்கு ஒன்றை இழுத்தேன். அது கிழிந்து, அழுகிய கோழிக்குடல் என் மேலேயே கொட்டியது. ஏதோ கோழிக்கடைக்காரன் வேலை.

"நாளைக்கே பஞ்சாயத்துல சொல்லிப்போடறேன்" என்றேன்.

கூட்டாளி வேலுச்சாமி பதறிவிட்டார். "ஏனுங்க, அது வுழுகறதுனாலதானுங்க இங்க கெளுத்தி இப்பிடிக் கொழுத்துக் கெடக்குது. நிறுத்திப்போட்டா அப்பறம் நமக்கு மீனேதுங்க?"

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது! வேலுச்சாமி அந்தச் சாக்கைக் காலாலேயே தண்ணீருக்குள் தள்ளினார். பிறகு கரையில் கிடந்த பாட்டில்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, சிரித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். மாசமாக இருக்கிறாள். போன வாரம் நான் பிடித்த கெளுத்தியைக் கொடுத்தனுப்பியிருந்தேன்.

"கடை மீனே வேண்டாங்கப்பா. நீங்க புடிக்கறதுதான் சுத்தமா இருக்குது. அடுத்த வாரமும் குடுத்துவுடுங்க."

போனை வைத்ததும் மறுபடி சோப்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.