பின் அறைத் தாழ்ப்பாள்

ஆனி 12, வெள்ளி

விடிந்ததிலிருந்து சாரல். நேற்றுத் துவைத்தது இன்னும் கொடியில். மிளகாய் வற்றலில் பூசணம்.

மருமகள் பார்வதி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பின் அறை. உள்ளே தாழ்ப்பாள். எலும்பு வலு குறைகிறது, வெயிட் தூக்கினால் நல்லது என்று டாக்டர் சொன்னாராம். கொஞ்சமாக என்றுதான் சொல்லியிருப்பார். இவள் பெஞ்சில் மல்லாந்து படுத்து, இரண்டு பக்கமும் இரும்புத் தட்டு மாட்டிய கம்பியை நெஞ்சுக்கு மேலே தூக்குகிறாள். மகன் துபாயில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அது நெஞ்சில் விழுந்தால் யார் எடுப்பது? எனக்குத் தண்ணீர்க் குடமே முடியவில்லை.

கதவைத் தட்டினேன்.

"என்ன அத்தை?"

"சத்தத்தைக் காணுமேன்னு பாத்தேன்."

"சத்தம் வந்தாலும் தட்டுதிய, வராட்டாலும் தட்டுதிய."

கல்யாணமாகி வந்த மறுவாரம், என் ரசத்தில் புளி தூக்கல் என்று தன் அம்மாவுக்குப் போனில் சொன்னதும் இதே வாய்தான். அடுப்படி ஜன்னல் திறந்திருந்தது. மறக்கவில்லை.

ஆனி 13, சனி

சாரல் விட்டு விட்டு. சர்க்கரை மாத்திரை வாங்கணும்.

பேத்தி வாணி கோயம்புத்தூரிலிருந்து போன். அவளும் காலேஜில் வெயிட் தூக்குகிறவள். தனியாகத் தூக்கினால் என்ன செய்யணும் என்று கேட்டுக் குறித்தது:

பெஞ்சில் படுத்துத் தூக்கும்போது தட்டுக்கு வெளியே, அது நழுவாமல் பிடிக்கிற கிளிப் மாட்டக் கூடாது. கம்பி எழும்பாவிட்டால் ஒரு பக்கம் சாய்க்கணும், தட்டு கழன்றுவிடும்.
பெஞ்சுக்கு இரு பக்கமும் இரும்புத் தாங்கி. கம்பி கழுத்துக்கு இறங்காத உயரம்.
கட்டைவிரல் கம்பியைச் சுற்றி.
கதவு திறந்து.

"இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும் ஆச்சி. எனக்கே அம்மாதான் சொல்லித் தந்தா."

தெரிந்து என்ன செய்ய? தாங்கி இல்லை, கிளிப் மாட்டுகிறாள், கதவில் தாழ்ப்பாள். கேட்டால், "நாளைக்கு அத்தை."

ஆனி 14, ஞாயிறு

பார்வதி தன்னோடு வேலை பார்க்கிற டீச்சர்களோடு குற்றாலம். ஐந்தருவியில் கூட்டமாம். எண்ணெய் இல்லாமல் அருவிக்கு யார் போகிறார்கள்? தலையிலிருந்து உள்ளங்கை வரை நல்லெண்ணெய்.

"சீயக்காய் போட்டியாட்டி?"

"அருவி அடிச்ச அடியில எல்லாம் போயிட்டு அத்தை."

போகவில்லை. கதவுப் பிடியெல்லாம் பிசுக்கு. அந்தக் கையோடு நேரே பின் அறை. தாழ்ப்பாள்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு முக்கல் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை.

"ஏட்டி பார்வதி."

இன்னொரு தடவை கூப்பிட்டேன். கதவைத் தள்ளினேன். உலக்கையை எடுத்து இடித்தேன். தாழ்ப்பாள் அசையவில்லை. என் மகன் போட்டது, நல்ல கனம். எவ்வளவு நேரம் இடித்தேனோ. உள்ளே இரும்பு தரையில் விழுந்த சத்தம். பிறகு அவளே திறந்தாள்.

கை வழுக்கிக் கம்பி நெஞ்சில் இறங்கியிருக்கிறது. சாய்த்துப் பார்த்தாளாம். கிளிப் இருந்ததால் தட்டு கழலவில்லை. மூச்சு முட்ட முட்ட வயிற்றுப் பக்கம் உருட்டி உருட்டி வெளியே வந்திருக்கிறாள். நெஞ்சில் குறுக்கே சிவப்புக் கோடு.

வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். உலக்கையைக் கீழே வைக்கக்கூட இல்லை. கோபத்தில்தான்.

ஆனி 15, திங்கள்

டாக்டர்: எலும்புக்கு ஒன்றுமில்லை, சதையில் அடி. ஒரு வாரம் தூக்கக் கூடாது.

ஆட்டோவில் கேட்டேன், தாழ்ப்பாள் எதற்கு என்று.

"உங்களுக்குத்தான்."

"நான் என்னட்டி செஞ்சேன்?"

"வந்து நின்னுக்கிட்டு இடுப்பு புடிக்கும், கர்ப்பப்பை இறங்கிரும், ஆம்பள தோளு வந்துரும்னு சொல்லுதிய. எனக்குச் சிரிப்பு வந்துருது. சிரிச்சா கம்பி நிக்காது அத்தை."

ஆட்டோக்காரனும் சிரிக்கிறான். நான் சிரிக்கவா சொன்னேன்?

பேசி முடிவு: தாங்கி வரும்வரை தூக்கக் கூடாது. கதவு திறந்திருக்கும். நான் வாசலில் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. டீச்சர் புத்தி. என்னையும் வகுப்பில் உட்கார வைத்துவிட்டாள்.

ஆனி 20, சனி

முழங்கால் வலி. செங்கோட்டை ரோட்டு வெல்டிங் பட்டறைக்காரன் தாங்கி கொண்டுவந்தான். எங்கள் வீட்டு கேட்டைக் கோணலாகச் செய்து தந்தவன்தான். இன்றைக்கும் தரையில் உரசுகிறது. அதனால் மட்டம் வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

"என்னத்துக்கு ஆச்சி இது, கட்டிலுக்கா?"

"என் மருமவ படுத்துக்கிட்டு இரும்பு தூக்குதா. அவ கழுத்துக்கு. ஆடிச்சுன்னா உன்னத் தேடி வருவேன்."

மறுபடி மட்டம் வைத்தான்.

ஆனி 23, செவ்வாய்

வெயில். வற்றலைக் காயவைத்தேன்.

கதவு திறந்து. பார்வதி சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்தாள். கிளிப் இல்லை. முதலில் வெறும் கம்பி. பிறகு தட்டு. நான் வாசலில், நாற்காலியில்.

கடைசியாகத் தூக்கியது பாதியில் நின்றுவிட்டது. கை ரெண்டும் ஆடுகிறது. முகம் கறுத்துவிட்டது. எழுந்துவிட்டேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

கம்பி இறங்கித் தாங்கியில் உட்கார்ந்தது. ணங் என்று. ஆடவில்லை. பார்வதி அடியிலிருந்து நழுவி வந்து தண்ணீர் குடித்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்ன அத்தை, ஒண்ணுமே சொல்லலியா?"

சொல்லவில்லை. பேசக் கூடாது என்றவள் அவள். நாளைக்கும் சொல்லமாட்டேன்.